கழுவினால் கெடும் முட்டை!

கோலார் தங்கவயல் லைன் வீடுகளில் கோழி வளர்க்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. சுரங்கச் சம்பளம் நின்றது. பின்கட்டில் நாலு கோழி இருந்தால் பிள்ளைகளுக்கு முட்டைக்காவது கடைக்குப் போக வேண்டாம் என்று நினைத்தவர்கள் பலர்.

விடியும் முன் மாரிக்குப்பத்தில் ரெயில் ஏறி, பெங்களூருவுக்கு வேலைக்குப் போகிறவரின் டிபன் டப்பாவில் இருப்பது பல நாட்களில் வீட்டுக் கோழியின் முட்டைதான். பெங்களூருவிலேயே குடியிருப்பவர்களில் சிலர், தண்ணீர் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே கிடைத்த இடத்தில் ஒரு கூடு அடித்து இரண்டு பெட்டைகளை வளர்க்கிறார்கள்.

இந்த முட்டைகளில் ஒரு பங்கு வீணாகிறது. உடைத்துப் பார்த்தால் மஞ்சள் கரு கலங்கி ஓடுகிறது. சிலவற்றில் ரத்த நரம்பு தெரிகிறது. சிலவற்றில் நாற்றம் குடலைப் பிடுங்குகிறது. தீனியைக் குறை சொல்கிறார்கள். கோழியைக் குறை சொல்கிறார்கள். ஆனால், பெரும்பாலும் கோழி நல்ல முட்டைதான் இட்டிருக்கிறது. அது வீட்டுக்காரர் கைக்கு வந்த பிறகே கெடுகிறது.

முதல் காரணம், சுத்தம் என்று நினைத்துச் செய்யும் ஒரு காரியம். எச்சம் பட்ட முட்டையைக் கண்டதும் குழாயடியில் கழுவி, பளபளவென்று தட்டில் அடுக்கி விடுகிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத உறை

முட்டை ஓடு பார்க்கக் கெட்டியாக இருக்கும். ஆனால், அதில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. குஞ்சு உள்ளே மூச்சு விடுவதற்காக இயற்கை வைத்த வழி அது. அதே வழியில் கிருமியும் உள்ளே போகலாம் அல்லவா? அதைத் தடுக்கவும் இயற்கையே ஏற்பாடு செய்திருக்கிறது.

முட்டை வெளியே வரும்போது ஈரமாக இருக்கும். சற்று நேரத்தில் அந்த ஈரம் காய்ந்து, ஓட்டின் மேல் மெல்லிய படலமாகப் படிகிறது. துளைகளின் வாயை அடைப்பது இந்தப் படலம்தான். புது முட்டையைத் தடவினால் மாவு பூசினாற்போல மங்கலாக இருப்பது இதனால்.

தண்ணீர் விட்டுத் தேய்த்தால் படலம் போய்விடும். அதுவும் குளிர்ந்த தண்ணீர் ஆபத்து. கோழியின் சூடு ஆறாத முட்டையைக் குளிர்ந்த நீரில் போட்டால், உள்ளே இருப்பது சுருங்கும். சுருங்கும்போது வெளியே உள்ள அழுக்கு நீரைத் துளை வழியாக உறிஞ்சிக்கொள்ளும். கழுவியவர் முட்டையைச் சுத்தம் செய்ததாக நினைக்கிறார். உண்மையில் அழுக்கை உள்ளே அனுப்பி வைக்கிறார்.

அமெரிக்காவில் கடை முட்டையைக் கழுவித்தானே விற்கிறார்கள் என்று கேட்கலாம். அங்கே முட்டையைவிடச் சூடான நீரில் கழுவி, உலர்த்தி, அன்று முதல் சமைக்கும் நாள் வரை குளிர்பெட்டியிலேயே வைக்கிறார்கள். ஐரோப்பிய நாடுகளில் முதல்தர முட்டையைக் கழுவி விற்கவே சட்டம் இடம் தருவதில்லை. மின்சாரம் போனால் குளிர்பெட்டியும் போய்விடும் நம் வீடுகளுக்கு ஐரோப்பிய வழிதான் ஏற்றது.

லேசாக ஒட்டியிருக்கும் அழுக்கை உலர்ந்த துணியால், அல்லது தேங்காய் நாரால் மெல்லத் தேய்த்து எடுக்கலாம். எச்சம் அப்பிய முட்டையைச் சேமிக்கவே கூடாது. சமைக்கப் போகும் நேரத்தில், கை பொறுக்கும் வெந்நீரில் கழுவி, உடனே வேகவிட வேண்டும்.

முட்டை அழுக்காவது கூட்டின் குற்றம். பழைய கூடையிலோ, வாய் உடைந்த பானையிலோ வைக்கோலைப் போட்டு இருட்டு மூலையில் வைத்தால் பெட்டை அங்கேதான் இடும். வைக்கோலை வாரம் ஒரு முறை மாற்ற வேண்டும். முட்டையைக் காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் விட்டால் பெருச்சாளி எடுக்கும். காக்கை எடுக்கும். சில சமயம் கோழியே கொத்திக் குடிக்கும். அந்த ருசி பழகிய கோழியைத் திருத்துவது கடினம்.

சேவல் செய்யும் வேலை

சேவல் இல்லாவிட்டால் பெட்டை முட்டையிடாது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. பெட்டை தன் பாட்டுக்கு இடும். அந்த முட்டை குஞ்சு பொரிக்காது; அவ்வளவுதான். சாப்பிட அதுவே மேல். வாடகை வீட்டில் இன்னொரு சவுகரியமும் உண்டு. சேவல் கூவினால் வீட்டுக்காரர் கூவுவார்.

சேவல் சேர்ந்த முட்டையில் கரு இருக்கும். கோழி அடை காக்கும் சூடு 37, 38 டிகிரி செல்சியஸ். ஆனால், கரு அதுவரை காத்திருப்பதில்லை. சுமார் 27 டிகிரியைத் தாண்டினாலே மெல்ல வளரத் தொடங்கிவிடும். அடுப்பங்கரை அலமாரியில், தகரக் கூரையின் கீழ், சித்திரை மாதத்தில் எவ்வளவு சூடு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மூன்றே நாளில் நரம்பு ஓடிவிடும். பிறகு இரவின் குளிரில் கரு செத்து, முட்டை அழுகும். "நேற்று வைத்த முட்டை இன்று கெட்டுவிட்டது" என்று சொல்லப்படும் முட்டைகளில் பல இப்படிப்பட்டவை.

ஊரிலிருந்து வரும் முட்டைகளுக்கும் இதே கதிதான். வேலூர், திருப்பத்தூர், தர்மபுரிப் பக்கத்து கிராமத்தில் தாயார் பேரப்பிள்ளைகளுக்காக இரண்டு வாரம் முட்டையைச் சேர்த்து வைக்கிறார். கோடை விடுமுறையில் பிள்ளைகள் திரும்பும்போது கூடையில் கொடுத்து அனுப்புகிறார். கூடை பஸ்சின் என்ஜின் பக்கத்திலோ, கூரையின் மேலோ வருகிறது. இங்கே வந்து உடைத்தால் பாதி கூமுட்டை. அம்மாவுக்குப் போன் செய்யும்போது, "எல்லாம் நன்றாக இருந்தது" என்று பொய் சொல்ல வேண்டியதாகிறது.

இதற்கு வழி உண்டு. முட்டை சேர்க்கத் தொடங்கும்போதே சேவலைப் பிரித்துக் கட்டலாம். ஆனால், பிரித்த பிறகும் இரண்டு வாரம் வரை கரு முட்டை வரலாம் என்பதை மறக்கக் கூடாது. அதற்கு இடமில்லை என்றால், புறப்படுவதற்கு முந்தைய மூன்று நான்கு நாள் முட்டைகளை மட்டும் கொடுத்து அனுப்பச் சொல்லலாம். பழையவற்றை ஊரிலேயே சாப்பிட்டு முடிக்கட்டும். கேழ்வரகுக்குள், அல்லது உமிக்குள், கூர்முனை கீழே இருக்கும்படி ஒன்றை ஒன்று தொடாமல் புதைத்து, இரவு பஸ்சில் காலடியில் வைத்துக் கொண்டுவந்தால் பெரும்பாலும் சேதம் இராது.

கூர்முனை கீழே

முட்டையின் அகன்ற முனையில் சிறு காற்றறை இருக்கிறது. நாளாக ஆக உள்ளே உள்ள நீர் ஆவியாகி, காற்றறை பெரிதாகும். அகன்ற முனை மேலே இருந்தால் காற்று அங்கேயே நிற்கும். மஞ்சள் கருவும் நடுவில் நிற்கும். படுக்கப் போட்டாலோ, தலைகீழாக வைத்தாலோ மஞ்சள் கரு மெல்ல மேலே ஏறி ஓட்டை ஒட்டிக்கொள்ளும்.

தண்ணீரில் போட்டுப் பார்க்கும் பழைய சோதனையின் ரகசியமும் இந்தக் காற்றறைதான். படுத்துக் கிடந்தால் புதியது. எழுந்து நின்றால் பழையது, வேகவைத்துச் சாப்பிடலாம். மிதந்தால் மிகப் பழையது. அது கெட்டுத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால், அதை நம்பி அடுப்பில் இருக்கும் குழம்பில் நேராக உடைத்து ஊற்றுவது புத்திசாலித்தனம் அல்ல. எந்த முட்டையானாலும் முதலில் ஒரு கிண்ணத்தில் உடைத்து, முகர்ந்து பார்த்து, பிறகே சேர்க்க வேண்டும். ஒரு கூமுட்டைக்காக ஒரு சட்டிக் குழம்பைக் கொட்டிய வீடுகள் உண்டு.

இந்தச் சோதனையும் சமைக்கும் முன்தான். சோதித்து ஈரமாக்கிய முட்டையை மறுபடி எடுத்து வைக்கக் கூடாது.

இருட்டறையில் டார்ச் விளக்கின் வாயில் முட்டையை வைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. செல்போன் விளக்கும் போதும். தெளிவாகத் தெரிந்தால் நல்ல முட்டை. சிலந்தி போல நரம்பு தெரிந்தாலோ, சிவப்பு வளையம் தெரிந்தாலோ கரு ஓடிய முட்டை. உடைத்த முட்டையில் ஒரு சொட்டு ரத்தப் புள்ளி மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். அது முட்டை உருவாகும்போதே ஏற்படுவது. அதை எடுத்துவிட்டுச் சமைக்கலாம்.

எங்கே வைப்பது?

பெங்களூருவும் தங்கவயலும் மேட்டு நிலம். மார்கழிக் குளிரில் சேவல் சேராத, கழுவாத முட்டை அறையில் இரண்டு வாரம் தாங்கும். பங்குனி, சித்திரையில் ஒரு வாரத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

குளிர்பெட்டி இல்லாத வீட்டில் மண்பானை போதும். அகன்ற சட்டியில் மணலைப் பரப்பி, நனைத்து, அதன் மேல் பானையை வைக்க வேண்டும். பானைக்குள் கொஞ்சம் வைக்கோல். வாயில் மெல்லிய துணி. காற்றோட்டமான நிழலில் வைத்து, மணல் காயாமல் பார்த்துக்கொண்டால் உள்ளே குளுமையாக இருக்கும். முட்டையின் மேல் ஈரம் படக் கூடாது, பூஞ்சணம் பிடிக்கும். பக்கத்தில் மண்ணெண்ணெய், கருவாடு, வெங்காயம் கூடாது. துளை வழியாக முட்டை வாசனை வாங்கும். கருவாட்டு வாசனையில் ஆம்லெட் யாருக்கு வேண்டும்?

குளிர்பெட்டி உள்ள வீட்டில், கதவில் முட்டைக்கென்று குழி வைத்த தட்டு இருக்கிறது. அதுதான் முட்டைக்கு மோசமான இடம். கதவைத் திறக்கும் போதெல்லாம் அங்கே சூடு படுகிறது. உள்தட்டில், மூடிய டப்பாவில் வைத்தால் ஒரு மாதம் இருக்கும். ஒரு முறை உள்ளே வைத்ததை வெளியே எடுத்து மறுபடி வைக்கக் கூடாது. குளிர்ந்த முட்டை வெளியே வந்ததும் வியர்க்கும். அந்த ஈரம் கழுவியதற்குச் சமம்.

இட்ட அன்றே விரல் நுனியில் கடலை எண்ணெய் தொட்டு, ஓடு முழுவதும் மெல்லப் பூசுவதும் நல்ல வழி. துளை அடைபடுவதால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறாது. குளுமையான இடத்தில் இன்னும் ஒரு வாரமாவது கூட நிற்கும். மறுநாளோ அதற்கு மறுநாளோ பூசினால் பாதிப் பயன்தான். தெளிந்த சுண்ணாம்பு நீரில் ஓர் இரவு ஊறவைத்து எடுக்கும் பழைய முறையும் உண்டு. சுண்ணாம்பு துளைகளில் படிந்து அடைக்கும். நாலு கோழி வளர்ப்பவருக்கு அந்தப் பாடு தேவையில்லை.

தேவைப்படுவது ஒரு பென்சில். அலுவலகத்தில் வரும் கடிதத்துக்கெல்லாம் தேதி போடுகிறவர்கள், வீட்டில் முட்டைக்கும் போடலாம். முன்னால் வந்தது முன்னால் போக வேண்டும். புதியதை மேலே அடுக்கி, மேலே இருப்பதையே எடுத்துக்கொண்டிருந்தால், அடியில் கிடக்கும் முட்டைக்கு வயது தெரியாமலே போய்விடும்.

புதியது எதற்கு? பழையது எதற்கு?

எல்லாச் சமையலுக்கும் புது முட்டை சிறந்தது என்பதில்லை. அன்று இட்ட முட்டையை அவித்து உரித்தால் வெள்ளைக்கரு ஓட்டோடு பிய்ந்து வரும். வெள்ளைக்கருவில் உள்ள கரியமிலவாயு இன்னும் வெளியேறாததால் அது உள்தோலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஐந்தாறு நாள் ஆனால் வாயு போய், தோல் விடும். ஆகவே, அவிப்பதற்குப் பழைய முட்டை. அவசரத்துக்குப் புதியதை அவிக்க வேண்டியிருந்தால் பச்சைத் தண்ணீரில் போடாமல், இட்லிப் பானையில் ஆவி வந்த பிறகு வைத்து 12 நிமிடம் வேகவிட்டு, குளிர்ந்த நீரில் போட்டு உரித்தால் சுலபமாக வரும்.

கொதிக்கும் குழம்பில் உடைத்து ஊற்றுவதற்குப் புது முட்டைதான் வேண்டும். வெள்ளைக்கரு மஞ்சள் கருவை இறுகப் பிடித்துக்கொண்டு உருண்டையாக வேகும். பழையது நூல் நூலாகப் பிரிந்து குழம்பு முழுக்கப் பரவும். ஆம்லெட்டுக்கும் பொடிமாசுக்கும் எதுவானாலும் சரி.

ரெயிலில் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவித்த முட்டை பச்சை முட்டையைவிடச் சீக்கிரம் கெடும். மேல் படலம் வெந்நீரில் போய்விடுவதே காரணம். வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. ஐந்து மணிக்கு டப்பாவில் வைத்ததை மதியம் ஒரு மணிக்குத் தின்பதைவிட, பங்காருப்பேட்டை தாண்டுவதற்குள் ரெயிலிலேயே தின்றுவிடலாம். மதியத்துக்குக் குழம்பு சாதமே இருக்கட்டும்.

பச்சை முட்டை வேண்டாம்

வயதுக்கு வந்த பெண்ணுக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுப்பது பல குடும்பங்களில் வழக்கம். உடற்பயிற்சி செய்யும் இளைஞர்களும் பச்சையாகக் குடிக்கிறார்கள். பலம் வரும் என்ற நம்பிக்கை.

1998-ம் ஆண்டு பெல்ஜியம் நாட்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். வெந்த முட்டையின் புரதத்தில் நூற்றுக்கு 90 பங்கு உடலில் சேர்ந்தது. பச்சை முட்டையின் புரதத்தில் நூற்றுக்கு 50 பங்குதான் சேர்ந்தது. குடிப்பவர் பாதியை வீணாக்குகிறார். அதோடு சால்மோனெல்லா என்ற கிருமி சில முட்டைகளுக்குள்ளேயே இருக்கக்கூடும். கோழி நன்றாகத்தான் இருக்கும். ஓடும் சுத்தமாகத்தான் இருக்கும். காய்ச்சலும் பேதியும் பிள்ளைக்கு வரும். கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியவர்கள் ஆப்-பாயிலும் சாப்பிடாமல் இருப்பது நல்லது. மஞ்சள் கரு கெட்டியாகும் வரை வெந்தால் பயமில்லை.

2012-ம் ஆண்டு அக்டோபரில் பெங்களூரு அருகே ஹெசரகட்டாவில் மத்திய அரசின் பண்ணையில் வான்கோழிகளுக்குப் பறவைக்காய்ச்சல் வந்தது. அப்போது முட்டையைக் கண்டே பலர் பயந்தார்கள். 70 டிகிரி சூட்டில் அந்தக் கிருமி செத்துவிடும். வெந்த முட்டையால் நோய் வராது. ஆனால், கோழிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திடீரெனச் செத்தால் அவற்றை அறுத்துக் குழம்பு வைப்பதோ, சாக்கடையில் எறிவதோ கூடாது. வெறுங்கையால் தொடாமல், கால்நடை மருத்துவமனைக்குத் தகவல் கொடுக்க வேண்டும்.

விற்பதா? தின்பதா?

நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டை இட்டுவிட்டு அடையில் உட்கார்ந்துவிடும். ஆண்டு முழுவதும் சேர்த்தாலும் நூறு தேறாது. ஹெப்பாளில் உருவாக்கப்பட்ட கிரிராஜா, ஐதராபாத்தில் உருவாக்கப்பட்ட வனராஜா போன்ற இனங்கள் புறக்கடையிலேயே வளரும். நூறைத் தாண்டி இடும். அடைக்கு உட்காருவது குறைவு. குஞ்சு வேண்டுமானால் நாட்டுக்கோழி. முட்டை வேண்டுமானால் இவை.

அடைக்கு வைக்கும் முட்டையை முதலிலேயே பிரித்துவிட வேண்டும். ஒரு வாரத்துக்குள் இட்டது, நடுத்தர அளவு, கீறல் இல்லாதது. எண்ணெய் பூசியதும் குளிர்பெட்டியில் வைத்ததும் அடைக்கு ஏற்றதல்ல. அடைக்கூடையில் இரும்புத்துண்டும் கரியும் போட்டால் இடிச் சத்தத்துக்கு முட்டை கெடாது என்பார்கள். போடுவதால் நஷ்டமில்லை. பொரிப்பது முட்டையின் புதுமையையும் கோழியின் பொறுமையையும் பொறுத்தது. 21 நாள் கணக்கு.

மிச்சத்தை என்ன செய்வது? நாட்டு முட்டைக்குக் கடையில் பண்ணை முட்டையைவிட விலை அதிகம். பல இடங்களில் இரட்டிப்பு. அதில் சத்தும் இரட்டிப்பு என்றே வாங்குகிறவர் நினைக்கிறார். அப்படி இல்லை. ஓட்டின் நிறம் இனத்தைப் பொறுத்தது. மஞ்சள் கரு ஆழ்ந்த நிறமாக இருப்பது கீரையும் சோளமும் தின்பதால். புரதம் எடைக்கு எடை ஒன்றுதான். நாட்டு முட்டை 40 கிராம் இருந்தால், பண்ணை முட்டை 50 கிராமுக்கு மேல் இருக்கும். பண்ணை முட்டை ஒன்றில் சுமார் 6 கிராம் புரதம் உண்டு.

கையில் காசு தட்டுப்பாடாக இருக்கும் மாதத்தில், பிள்ளைகள் வாயைக் கட்டி எல்லா முட்டையையும் கடைக்குக் கொடுத்துவிடும் தாய்மார்கள் உண்டு. அதற்குப் பதில், ஆறு நாட்டு முட்டையை விற்ற காசில் பத்துப் பன்னிரண்டு நாமக்கல் முட்டை வாங்கிப் பிள்ளைகளுக்கு அவித்துக் கொடுக்கலாம். வீட்டுக் கோழியின் முட்டைதான் வேண்டும் என்று பெரியவர்கள் முகம் சுளிக்கக் கூடும். பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியாது.